வண்டி எப்போது வரும்? நண்டுக் கம்பெனியின் வேலை நேரம் குறித்து ஒரு நிகழ்வு ஆய்வு

நெகிழ்வான வேலை நேரம் என்றதும் பலருக்கும் மடிக்கணினியும் வீட்டிலிருந்து பார்க்கும் வேலையும்தான் நினைவுக்கு வரும். ராமநாதபுரம் கடற்கரையில் நண்டு உடைத்துச் சதை எடுக்கும் பெண்களின் வேலை நேரம் எப்போதோ நெகிழ்ந்துவிட்டது. இன்றைக்கு விடியற்காலை ஐந்து மணி, நாளைக்குப் பத்து மணி, மறுநாள் வேலையே இல்லை. இந்த நெகிழ்வு முழுக்கக் கம்பெனியின் வசதிக்கானது. குழந்தையைப் பள்ளிக்கு அனுப்புவது, குடிநீர் வரும் நேரத்தில் குடம் வைப்பது, கடலுக்குப் போகிற கணவருக்குச் சோறு கட்டுவது, மகளிர் குழுத் தவணைக்கு உட்காருவது ஆகிய எல்லாம் கம்பெனி வண்டி ஆள் ஏற்ற வரும் நேரத்தைப் பார்த்துத்தான் நகர வேண்டியிருக்கிறது.

அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்து மேலாண்மைப் பேராசிரியர் எலன் எர்ன்ஸ்ட் கோசெக் பல ஆண்டுகளாக ஆராய்ந்துவரும் கேள்வி இதுதான். வேலை நெகிழ்வு யாருக்கு, யார் கட்டுப்பாட்டில்? பிரெண்டா லாட்ஷுடன் சேர்ந்து 2018-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பில் அவர் நெகிழ்வை நான்காகப் பிரிக்கிறார்: நேரம், இடம், வேலையின் அளவு, வேலையின் தொடர்ச்சி. நேரத்தின் மீது பிடி இருப்பது எந்தத் தட்டில் வேலை செய்பவருக்கும் நல்லது என்றாலும் கீழ்த்தட்டினருக்கு அது அரிதாகவே கிடைக்கிறது. இடத்தைத் தேர்ந்துகொள்ளும் வசதி மேல், நடுத் தட்டுகளோடு நின்றுவிடுகிறது. வேலை அளவைக் குறைத்துக்கொள்வது மேலதிகாரிக்குச் சலுகை. கூலிக்காரருக்கு விரும்பாமலே வேலை குறைந்தால் அது வருமான இழப்பு. நண்டு மேசைக்கு இந்தப் பாகுபாடு அப்படியே பொருந்துகிறது. இடம் பற்றிய பேச்சுக்கே இங்கு வழியில்லை: வெந்த நண்டைப் பெண்கள் வீட்டுக்குக் கொண்டுபோய் உடைத்தால் கிருமி சேரும், ஏற்றுமதிச் சரக்கு திரும்பி வரும். சரிசெய்ய வேண்டியவை நேரமும் அளவும்தான். தொடர்ச்சியை மீன்பிடித் தடைக்காலம் பற்றிய பகுதியில் பார்ப்போம்.

கீழே வருவது மாதிரிக் கணக்கு. எந்தவொரு தனி நிறுவனத்தின் பதிவேட்டிலிருந்தும் எடுத்ததல்ல. சதை எடுக்க 40 பெண்கள், வேகவைக்க 5 பேர், 2 சூப்பர்வைசர், 2 வேன் என்று ஒரு நடுத்தரக் கொட்டகையை வைத்துக்கொள்வோம். நண்டின் எடையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு சதை தேறும், ஒருவர் ஒரு முழுநாளில் 5 கிலோ சதை எடுப்பார், கிலோவுக்கு 80 ரூபாய் கூலி என்பவை கணக்குக்காக எடுத்துக்கொண்ட அளவுகள். இதைப் படிப்பவர் தம் கம்பெனியின் எண்களைப் போட்டுக்கொள்ளலாம். கணக்கின் வழி மாறாது.

ஒரு நாள், கிட்டத்தில்

விடியற்காலை 4.10-க்குப் போன் வருகிறது. "அக்கா, நண்டு வருது, வண்டி அரைமணி நேரத்துல வந்துரும், தெருமுனைக்கு வந்து நில்லுங்க." 4.45-க்கு வேன் ஏறினால் மூன்று ஊர் சுற்றி ஆள் ஏற்றிக் கம்பெனி வாசலுக்கு வரும்போது மணி 6. ராத்திரி விட்ட நண்டு வலையை எடுத்துக்கொண்டு நாட்டுப்படகுகள் கரை சேர்வது 7.30 வாக்கில். கம்பெனிக்காகக் கரையில் நண்டு வாங்கும் ஏஜென்ட் தராசில் போட்டு, ஓடு இளகியது, கால் போனது, செத்தது என்று கழித்து, விலை பேசி, ஐஸ் போட்டு அனுப்பும்போது 8.30 ஆகிறது. ஆவியில் வேகவைத்து, ஆறவைத்து, முதுகோட்டைக் கழற்றி, செவுள் நீக்கிக் கழுவி முதல் கூடை மேசைக்கு வரும்போது மணி 10. சதை எடுப்பது 2.30-க்கு முடிகிறது. மேசை கழுவி எடை போட்டு 3.15-க்கு வண்டி ஏறினால் வீட்டு வாசல் 4.15.

வீட்டை விட்டுப் போனது 11½ மணி நேரம். கத்தி பிடித்தது 4½ மணி நேரம். கூலி கிலோ கணக்கு என்பதால் மிச்ச 7 மணி நேரத்துக்கு யார் பதிவேட்டிலும் இடம் இல்லை. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் ஒருவரின் ஒருநாள் வேலையை இடைவேளை உட்பட 10½ மணி நேரத்துக்குள் அடக்கச் சொன்னது. எந்த நேரம் வேலை என்று அறிவிப்புப் பலகையில் எழுதி வைக்கவும் சொன்னது. ஆனால் சட்டத்தின் கடிகாரம் வாசலில் ஓடத் தொடங்குவது. 6 மணி முதல் 3.15 வரை பார்த்தால் 9¼ மணி நேரம்தான், எல்லைக்குள்தான் வருகிறது. வேனில் கழிந்த நேரம் கணக்கில் வராது. பத்துப் பேருக்குக் குறைவாக வைத்து நடத்தும் சிறு கொட்டகைகளுக்கு அந்தச் சட்டமே பெரும்பாலும் எட்டவில்லை.

40 பேரையும் எதற்கு அழைக்கிறார்கள்? 400 கிலோ நண்டு வரும் நாளில் 20 பேர் போதும். ஆனால் 800 கிலோ வந்துவிட்டால் ஆள் பற்றாதே என்று சூப்பர்வைசர் பயப்படுகிறார். வந்தவர்கள் சும்மா உட்கார்ந்திருந்தாலும் கம்பெனிக்குச் செலவு கிடையாது, கிலோவுக்குத்தானே கூலி. ஆகவே எல்லாரையும் அழைப்பதே அவருக்குப் பாதுகாப்பு. 400 கிலோ நாளில் 100 கிலோ சதையை 40 பேர் பங்கு போட்டால் தலைக்கு 2½ கிலோ, 200 ரூபாய். முழுநாள் வீட்டை விட்டதற்கு அரைநாள் கூலி. இந்த ஆய்வின் முடிச்சு இதுதான். வீணாய் அழைப்பதற்குக் கம்பெனி ஒரு விலை கொடுக்காதவரை வீண் அழைப்பு நிற்காது.

கடலை நம்பி அட்டவணை போட முடியுமா

முதலாளிகளின் முதல் பதில் எப்போதும் ஒன்றுதான்: "கடல் தொழில்ல நேரம் குறிச்சு வைக்க முடியாது." பாதி உண்மை. பாக் நீரிணைப் பக்கம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி கடலுக்குப் போய் மறுநாள் திரும்புவதும், மற்ற நாட்கள் நாட்டுப்படகுகளுக்கு என்று விடுவதும் பழகிப்போன ஏற்பாடு. விசைப்படகுகளின் இழுவைமடி (கடலடியை வாரி இழுக்கும் வலை) ஓடும் ராத்திரியில் நண்டு வலையைக் கடலில் விட்டுவைத்தால் வலை மிஞ்சாது. ஆகவே எந்தக் கிழமையில் நண்டு அதிகம் வரும் என்பது ஓரளவு முன்பே தெரிந்த சேதி. ஆனி, ஆடியில் கச்சான் காற்று மன்னார் வளைகுடாப் பக்கத்தைக் கலக்கும், ஐப்பசி, கார்த்திகையில் வாடை பாக் நீரிணைப் பக்கத்தைக் கலக்கும் என்பதும் தெரிந்ததே. பாம்பனில் புயல் கூண்டு ஏறினால் படகு போகாது, அந்த எச்சரிக்கையும் முன்கூட்டியே வந்துவிடுகிறது. விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். அது ஓராண்டுக்கு முன்பே நாள்காட்டியில் இருக்கிறது.

இதே கரையில் கடலை நம்பி அட்டவணை போட்டுக் காட்டியவர்களும் பெண்களே. மன்னார் வளைகுடாத் தீவுகளை ஒட்டி முங்கிப் பாசி எடுக்கும் பெண்கள், பாசி அழிந்துவிடக் கூடாது என்று மாதத்தில் 12 நாள் மட்டுமே எடுப்பது எனத் தங்களுக்குள் கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். அதை எந்த மேலாளரும் எழுதிக் கொடுக்கவில்லை.

அமெரிக்காவின் கேப் (Gap) நிறுவனத் துணிக்கடைகளில் 2015, 2016 ஆண்டுகளில் ஜோன் வில்லியம்ஸ், சூசன் லாம்பர்ட், சரவணன் கேசவன் மூவரும் நடத்திய ஆய்வு இங்கே மிகவும் உதவும். சான் பிரான்சிஸ்கோ, சிகாகோ வட்டாரங்களின் 28 கடைகளில், ஒரு பகுதிக் கடைகளுக்கு மட்டும் நிலையான தொடக்க, முடிவு நேரம், ஒருவருக்கொருவர் முறை மாற்றிக்கொள்ளும் வசதி, குறைந்தபட்ச மணிநேர உறுதி போன்றவற்றைக் கொடுத்தார்கள். இரண்டு வார முன்னறிவிப்பு எல்லாக் கடைகளுக்கும் இருந்தது. கூடுதல் வசதி பெற்ற கடைகளில் விற்பனை 7 சதவீதமும் உழைப்பின் விளைதிறன் 5 சதவீதமும் உயர்ந்தன. நேரம் தாறுமாறாக மாறியதற்குக் காரணம் தேடியபோது, வாடிக்கையாளர் கூட்டத்தைவிடத் தலைமையகத்தின் கடைசிநேர உத்தரவுகளும் சரக்கு வரவு மாற்றங்களுமே அதில் பெரும்பங்கு வகித்தன. நண்டுக் கொட்டகையிலும் கடலின் மேல் போடும் பழியில் எவ்வளவு ஏஜென்டுடையது, எவ்வளவு சதை வாங்கும் கம்பெனியின் அவசர ஆர்டருடையது, எவ்வளவு சூப்பர்வைசரின் பயத்தினுடையது என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதல் மூன்று மாதம்: எழுதுவது மட்டும்

இந்தக் கட்டத்தில் எதையும் மாற்றக் கூடாது. ஒரே நோட்டில் ஆறு பத்தி போதும்: போன் போன நேரம், வண்டி வாசலுக்கு வந்த நேரம், நண்டு வந்த நேரமும் எடையும், முதல் கூடை மேசைக்கு வந்த நேரம், வேலை முடிந்த நேரம், ஒவ்வொருவரும் எடுத்த கிலோ. பாதித் தகவல் ஏற்கெனவே கொள்முதல் பில்லிலும் டிரைவரின் டிரிப் சீட்டிலும் எடை நோட்டிலும் சிதறிக் கிடக்கும். தவறு நடப்பது பெரும்பாலும் நண்டு வந்த நேரத்தில்தான். ஏஜென்ட் பில் போட்ட நேரத்தை எழுதிவிடுவார்கள். பெட்டி கம்பெனிக்குள் இறங்கிய நேரம்தான் வேண்டும். இரண்டுக்கும் இடையே ஒன்றரை மணி நேரம் தொலைந்திருந்தால் அது கடலின் குற்றம் ஆகாது.

கூடவே பெண்களிடம் ஒரே கேள்வி கேட்க வேண்டும், கூட்டத்தில் வைத்து அல்ல, தனித்தனியாக: "வாரத்துல எத்தனை நாள் வேணும், எந்த நேரத்துல வரவே முடியாது?" எல்லாரும் ஐந்து நாள் கேட்பார்கள் என்று நினைப்பது தவறு. கைக்குழந்தைக்காரர் மூன்று நாள் போதும் என்பார். ஞாயிறு பூசைக்குப் போக வேண்டும் என்று ஒருவர் சொல்வார். வெள்ளி மதியம் தொழுகை நேரம், ஆகாது என்று வேதாளை ஊர்ப் பக்கத்திலிருந்து வருபவர் சொல்லலாம்.

வேகவைப்பதையும் உடைப்பதையும் பிரிப்பது

நண்டு வந்ததும் தாமதமின்றிச் செய்தாக வேண்டியது வேகவைப்பது. உடைப்பது அப்படியல்ல. நன்றாக வெந்து, ஆறி, குளிரறையில் 0 முதல் 4 டிகிரிக்குள் இருக்கும் நண்டு ஓர் இரவு தாங்கும். நேரத்தை மீட்க இடம் தருவது இந்த ஓர் இரவுதான்.

வாரத்தில் 6 நாள் வேலை, அதில் 3 நாள் 800 கிலோ, 3 நாள் 400 கிலோ என்று வைத்தால் மொத்தம் 3,600 கிலோ நண்டு, 900 கிலோ சதை. தலைக்கு நாளுக்கு 5 கிலோ என்றால் 180 ஆள்-நாள் வேலை. பழைய முறையில் 40 பேரை 6 நாளும் அழைத்தால் 240 ஆள்-நாள். வாரத்துக்கு 60 ஆள்-நாள் வீணாகிறது. மொத்தக் கூலி 72,000 ரூபாய், வந்த ஒவ்வொரு நாளுக்கும் சராசரி 300 ரூபாய்.

நண்டு வரத்தைக் குளிரறை வழியாகச் சமன்செய்தால் நாளுக்கு 600 கிலோ, 30 பேர். 24 பேருக்கு ஐந்து நாள், 16 பேருக்கு மூன்று நாள் உறுதி என்று எழுதினால் 168 ஆள்-நாள் ஆகிறது. மிச்சம் 12 ஆள்-நாள் விரும்புகிறவர்களுக்கு. கூலித்தொகை அதே 72,000 ரூபாய்தான். வரும் நாளுக்கு 400 ரூபாய் கிடைக்கும், 60 ஆள்-நாள் வீட்டுக்கு மீளும். மேசை 8.30-க்குத் திறந்து 4 மணிக்கு மூடலாம். காலையில் முந்தின நாள் மிச்சத்தை உடைக்க ஆரம்பித்தால் 10 மணிக்குப் புது நண்டு வந்து சேர்ந்துகொள்ளும். அதற்குத் தினமும் 150 கிலோ மிச்சம் வேண்டும், 20 கிலோ கூடையில் 8 கூடை. 800 கிலோ வந்த நாள் மாலையில் 350 கிலோ மிஞ்சும், 18 கூடை. இரண்டு நாள் அடுத்தடுத்து 800 வந்தால் 550 கிலோ, 28 கூடை. எல்லாமே மறுநாள் மேசையில் தீர்ந்துவிடும் அளவு.

ஆகவே மாலை 6 மணிக்குக் குளிரறைக் கூடைகளை எண்ணினாலே நாளைய முடிவு தெரிந்துவிடும். 28-ஐத் தொட்டால் நாளைக்கு 10 பேர் கூடுதல். 8-க்குக் கீழே போனால் தொடக்கம் 10 மணி. இரண்டுக்கும் நடுவே இருந்தால் அட்டவணைப்படி. சேதி இரவு 7 மணிக்குள் போய்ச் சேர வேண்டும். அதற்குப் பிறகு, அவசரத்துக்கென்று பெயர் கொடுத்தவர்களைத் தவிர, யாருக்கும் கம்பெனியிலிருந்து போன் போகக் கூடாது.

இது கெட்டுப்போகும் இடங்களும் தெரிந்தவைதான். சூடு ஆறாத நண்டைக் குளிரறையில் அடுக்கினால் அறை முழுவதும் சூடேறும், பழைய கூடையும் கெடும். கூடைக்குச் சீட்டு கட்டாமல் விட்டால் முன்னால் இருக்கிற புதுக் கூடையை எடுத்துவிட்டு மூலையில் இருப்பதை இரண்டாம் இரவுக்கு விட்டுவிடுவார்கள். வெந்த நேரம், நாள், எடை மூன்றும் எழுதிய பிளாஸ்டிக் சீட்டு கட்டாயம். பச்சை நண்டுக் கூடையும் வெந்த நண்டுக் கூடையும் ஒரே அறைக்குள் போகவே கூடாது. மின்சாரம் போனால் ஜெனரேட்டரைப் போட ராத்திரியில் ஒருவர் இருக்க வேண்டும். அந்த ஒருவருக்கும் கூலி உண்டு. இவற்றில் ஒன்றுக்குப் பணம் இல்லை என்றாலும் இந்தத் திட்டத்தைத் தொடங்கக் கூடாது. கெட்ட சதையின் பழி கடைசியில் பெண்களின் தலையில்தான் விழும்.

வேகவைக்கும் 5 பேரின் நேரம் மட்டும் படகோடு மாறும். அதைச் சமன்செய்ய வழியில்லை. விரும்பி வருபவரை மட்டும் வைத்து, மாதச் சம்பளமும் நேரம் தவறிய நாளுக்குத் தனிப்படியும் கொடுப்பதே நியாயம்.

அட்டவணை, முறை மாற்றம், உறுதிக் கூலி

இரண்டு வார அட்டவணை வாசலில் பெரிய பலகையில் இருக்க வேண்டும். எழுத்து வாசிக்காதவருக்காக ஒவ்வொருவருக்கும் ஒரு எண். குழு வாட்ஸ்அப்பில் குரல் பதிவு. முறை மாற்றிக்கொள்ள இருவர் ஒப்புக்கொண்டால் போதும், சூப்பர்வைசரிடம் அனுமதி வேண்டாம், சேதி சொன்னால் போதும். ஒரே நிபந்தனை கைத்திறன். பெரிய கட்டிச் சதையை உடையாமல் எடுக்கும் கை வேறு, கால் சதை எடுக்கும் கை வேறு. கட்டிச் சதைக்காரருக்குப் பதில் புதிதாய்ச் சேர்ந்தவர் வந்தால் விலை உயர்ந்த சதை நொறுங்கித் தரம் இறங்கிவிடும். இன்னொரு ஆபத்தும் உண்டு: கடன்பட்டவர் எல்லாருடைய முறையையும் வாங்கிக்கொண்டு ஓய்வே இல்லாமல் உழைப்பார். வாரத்துக்கு இரண்டு மாற்றம் என்று வரம்பு வைத்தால் இது அடங்கும்.

வீண் அழைப்புக்கான விலை இங்கேதான் வருகிறது. அழைத்துவிட்டு நண்டு இல்லை என்றால் 2 கிலோவுக்கான கூலி, இந்தக் கணக்கில் 160 ரூபாய். பழையபடி 10 பேரைச் சும்மா அழைத்தால் அன்றைக்கு 1,600 ரூபாய் கம்பெனிக் கணக்கில் செலவாக விழும். அந்த எண் கணக்குப் பிள்ளையின் நோட்டில் ஏறத் தொடங்கினால் 4.10 மணிப் போன்கள் தாமே குறையும். 7 மணிக்குப் பிறகு அவசரம் என்றால், அதற்கென்று முன்பே பெயர் கொடுத்தவர்களை மட்டும் அழைக்கலாம், கூடுதல் கூலியோடு. வர முடியாது என்று சொன்னவரின் பெயருக்கு எதிரே எந்தக் குறியும் போடக் கூடாது. குறி போட்டால் அடுத்த மாதமே எல்லாரும் பயந்து பெயர் கொடுப்பார்கள், பழைய முறை வேறு பெயரில் திரும்பிவிடும்.

சூப்பர்வைசர்

லெஸ்லி ஹாமர், கோசெக் முதலியோர் 2009-இல் வெளியிட்ட அளவுகோலில் குடும்பத்துக்குத் துணையான மேற்பார்வை நான்கு பகுதிகளாகப் பிரிகிறது: மனம்விட்டுக் கேட்பது, காரியமாக உதவுவது, தாமே முன்மாதிரியாக நடப்பது, வேலையையே மாற்றி அமைத்துப் பார்ப்பது. நம் ஊர்க் கொட்டகைகளில் முதல் இரண்டும் பெரும்பாலும் இருக்கின்றன. சூப்பர்வைசர் பக்கத்து ஊர்க்காரர், முறை சொல்லிக் கூப்பிடுபவர். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் "போயிட்டு வாங்க மதினி" என்று அனுப்பிவிடுவார். ஆனால் அது அவர் தயவு. தயவுக்கு வேண்டியவர், வேண்டாதவர் உண்டு. நான்காவதுதான் இங்கு இல்லாதது. இதே ஆய்வாளர்கள் 2011-இல் வெளியிட்ட மளிகைக் கடை ஆய்வில், இந்தப் பயிற்சி பெற்ற மேற்பார்வையாளரின் கீழ் வேலை செய்தவர்களில் குடும்பச் சுமை வேலையோடு அதிகம் மோதியவர்களுக்கே நன்மை தெரிந்தது. அந்த மோதல் குறைந்தவர்களிடம் அது எதிர்மாறாகவும் போனது. கைக்குழந்தைக்காரருக்கு மட்டும் விட்டுக்கொடுத்து, பிள்ளைகள் வளர்ந்த அக்காமார் தலையில் மிச்சத்தைக் கட்டினால் மேசையில் பேச்சு நின்றுவிடும். அட்டவணை உரிமை எல்லாருக்கும் ஒன்றாக இருக்க வேண்டியது இதனால்தான்.

சூப்பர்வைசரின் ஊக்கத்தொகை அன்றைய மொத்தக் கிலோவைப் பொறுத்தே இருந்தால் எந்தப் பயிற்சியும் பலிக்காது. வந்த ஒருவர் எடுத்த சராசரிக் கிலோவுக்கு அதை மாற்ற வேண்டும். வீணாய் ஆளை அழைத்தால் அந்தச் சராசரி விழும்.

தடைக்காலம்

தடை விசைப்படகுக்குத்தான். நாட்டுப்படகு நண்டு அப்போதும் வரும், வரத்து மட்டும் மாறும். இந்த 61 நாளில் யார் விடுப்பு, யார் வேலை என்பதைப் பிப்ரவரியிலேயே எழுதிவிடலாம். பள்ளி விடுமுறையும் கல்யாணங்களும் பெரும்பாலும் இதற்குள்ளேயே வருகின்றன. விடுப்பில் போனவர் ஜூன் 15-க்குப் பிறகு அதே எண்ணோடு, அதே உறுதி நாட்களோடு திரும்ப முடியும் என்று எழுத்தில் இருப்பதுதான் கோசெக் சொல்லும் தொடர்ச்சி. பிரசவத்துக்குப் போய் வருபவருக்கும் இதே விதி. பெண்கள் பயப்படுவது விடுப்பு கிடைக்காமல் போவதற்கு அல்ல, திரும்பி வரும்போது மேசையில் தன் இடத்தில் வேறொருவர் உட்கார்ந்திருப்பதற்கு.

ஆறு மாதம் ஓடிய பிறகு பார்க்க வேண்டியவை நான்கு: 7 மணிக்குப் பிறகு போன போன்களின் எண்ணிக்கை, வீட்டை விட்ட மணிநேரத்தில் கத்தி பிடித்த பங்கு, வந்த நாளுக்குச் சராசரிக் கூலி, இரண்டாம் இரவு தங்கிய கூடைகள். கடைசியது பூஜ்யமாக இருக்க வேண்டும். முதலாவது ஏறிக்கொண்டே போனால் பெண்களையோ சூப்பர்வைசரையோ கேட்பதற்கு முன் ஏஜென்டின் பில் நேரத்தையும் பெட்டி இறங்கிய நேரத்தையும் எடுத்து ஒப்பிட வேண்டும். அங்கே இடைவெளி அகன்றிருந்தால் கொள்முதல் ஒப்பந்தத்தில் பெட்டி சேர வேண்டிய நேரத்தையும், தாமதத்துக்குப் பிடித்தத்தையும் எழுத்தில் சேர்த்த பிறகுதான் அட்டவணையைத் தொட வேண்டும்.